பூக்குழியில் சுடாத கால்

அந்த வருசம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதினொரு பேர் பூக்குழி இறங்கினோம். பத்துப் பேர் தணலில் கால் வைத்ததும் விழுந்தடித்து ஓடிக் கரை சேர்ந்தார்கள். நான் ஒருவன் மட்டும் நிதானமாக நடந்து போனேன். "பாருடா, பூ மேல நடக்குற மாதிரியே நடக்குறாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மறுகரையில் காலில் பால் ஊற்றியபோது இரண்டு பெண்கள் குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று தெரிய இரண்டு நாள்தான் ஆனது.

என் பெயர் முத்தையா. கொஸ்லந்த பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தப்பால்காரன். தோட்டத்து ஆபீசில் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்கு நடந்து போய், வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு திரும்பி, தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகக் கொடுப்பது என் வேலை. போக நாலு மைல், வர நாலு மைல், எல்லாம் ஏற்ற இறக்கம். இருபத்திரண்டு வருசம் இந்தக் காலை நம்பித்தான் என் அடுப்பு எரிந்தது. ஆகவே எனக்கு என் காலைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை ஒளிப்பானேன்.

வியாதி எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், வரும் வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள்: "ஏண்ணே, ஒத்தச் சிலிப்பர எங்க வுட்டுட்டு வாறீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் சிலிப்பர் இல்லை. அரை மைலுக்கு முன்னால் பாலத்தடியில் கழன்று கிடந்திருக்கிறது. கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கூட நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கடிதங்களைப் பிரிக்கும்போது விரலிடுக்கில் நழுவும். சட்டைப் பொத்தான் போட வராது. என் மனைவி பாக்கியம்தான் காலையில் போட்டு விடுவாள். "கல்யாணத்துக்குப் போற மாப்பிள்ள மாதிரி நிக்கிறீங்க" என்று கேலி செய்வாள். கால் இரண்டும் விறைத்து, மரக்கட்டையைத் தூக்கி வைப்பதுபோல் நடக்க வேண்டியிருந்தது. மேல்விலாசம் படிக்கத் தலையைக் குனிந்தால் கழுத்தில் தொடங்கி முதுகு வழியே உள்ளங்கால் வரைக்கும் கரண்டு அடித்த மாதிரி ஒன்று ஓடும். தலையை நிமிர்த்தினால் நின்றுவிடும். அதனால் கடிதத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படிக்கப் பழகிக்கொண்டேன்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து மாத்திரையும் காலுக்குத் தேய்க்க எண்ணெயும் கொடுத்தார்கள். கால் வலிக்கிறது, கால் விறைக்கிறது என்று நான்தானே சொன்னேன். கழுத்தில் கரண்டு அடிப்பதைச் சொல்லவே இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்தும் குணமில்லாமல் போகவே, அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். காலைச் சரியாக்கு தாயே, பூ மிதிக்கிறேன் என்று.

மிதித்தேன். நான் நிதானமாக நடந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. ஓடத்தான் நினைத்தேன், கால் ஓடவில்லை. ஒவ்வொரு அடியையும் தணலில் அழுத்தி வைத்துத்தான் அடுத்ததை எடுக்க முடிந்தது. ஆனால் துளி சூடு தெரியவில்லை. கரையில் நின்ற என் மச்சான் சுப்பையா, பாக்கியத்தின் அண்ணன், கோயில் கமிட்டித் தலைவர், கண் கலங்கிப் போய், "அம்மா ஒங்க மேல முழுசா எறங்கிட்டா மச்சான்" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். நான் நம்பினேன். இனிமேல் கால் சரியாகிவிடும் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

விடிந்தபோது பாக்கியம் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். விரிப்பெல்லாம் ஈரம். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து, உடைந்து, தொங்கிக்கொண்டிருந்தது. வலது குதிகாலில் சிவப்பாகச் சதை தெரிந்தது.

"ஏங்க, வலிக்கலயா?"

"இல்லையே."

"இதப் பாத்துமா வலிக்கல?"

வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ என் உடம்பில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அன்று முழுவதும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் காலையில் எழுந்து நிற்கப் போனேன், அப்படியே சுவரோடு சரிந்தேன். கொழுந்து லொறியில் டவுனுக்கும், அங்கிருந்து வேனில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள்.

வார்ட்டில் என்னைப் பார்க்க வந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயசு இருக்கும், மெலிந்த ஆள். காலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"என்னண்டு இப்பிடி எரிஞ்சது?"

"பூ மிதிச்சேனுங்க ஐயா. கோயில்ல."

"சுடேல்லையோ?"

"சுடலைங்க. அம்மா அருள்." சொல்லும்போது அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். "கண்ணை மூடுங்கோ. நான் குத்தேக்க சொல்லுங்கோ" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நெடு நேரம் ஆனது. இவர் என்ன, ஊசியைத் தேடுகிறாரா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"குத்துங்க ஐயா" என்றேன்.

"கண்ணைத் திறந்து பாருங்கோ."

இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் சிவப்புச் சிவப்பாக இரத்தப் புள்ளிகள். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாக்கியம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிசம் எனக்கு விளங்கிவிட்டது. பூக்குழியில் என் மேல் யாரும் இறங்கவில்லை. என் கால்தான் என்னை விட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் ஊரே கும்பிட்டிருக்கிறது.

டொக்டர் பிறகு ஊசியை மெல்ல மேலே கொண்டுவந்தார். தொடை, வயிறு, நெஞ்சு. எங்கே உறைக்கத் தொடங்குகிறது என்று கேட்டுக்கேட்டு வந்தார். நெஞ்சுக்கு மேலேதான் எனக்கு ஊசி ஊசியாகத் தெரிந்தது. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளி எழுந்தது. உள்ளங்காலின் ஓரத்தைத் தோல் உரியாத இடமாகப் பார்த்துக் கீறினார், பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. கழுத்தைக் குனியச் சொன்னார். கரண்டு அடித்தது. அதைச் சொன்னதும் ஊசியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்கட வருத்தம் காலில இல்லை. கழுத்தில."

"கழுத்து எனக்கு வலிக்கவே இல்லைங்களே."

"வலிக்க வேணுமெண்டு இல்லை. மூளையில இருந்து காலுக்குப் போற நரம்பெல்லாம் ஒரு கயிறு மாதிரி ஒண்டாச் சேர்ந்து முள்ளந்தண்டுக்குள்ளால இறங்குது. தண்டுவடம் எண்டு சொல்லுறது. கழுத்தில எங்கயோ அதை ஏதோ நெரிக்குது. மேல நெரிச்சால் கீழ உள்ளது எல்லாம் கெடும்."

ஆறு மாதமாகக் காலுக்கு எண்ணெய் தேய்த்தவனிடம் வியாதி கழுத்தில் என்றால் எப்படி இருக்கும். பாக்கியம்தான் கேட்டாள்: "நடப்பாரா ஐயா?"

"முதல்ல எங்க நெரிக்குது எண்டு பாக்க வேணும்" என்றார். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அன்றைக்கே கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து அசையாமலிருக்க ஒரு பட்டையும் மாட்டிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்தது, இரண்டு எலும்புக்கு நடுவில் இடைவெளி குறைந்திருப்பதும் தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. அதற்குக் காந்தத்தால் எடுக்கிற படம் வேண்டும், எம்.ஆர்.ஐ. என்று பெயர், கொழும்புக்குத்தான் போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். முறை வர ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரமும் வார்ட்டில்தான் கிடந்தேன். காலுக்குத் தினமும் மருந்து கட்டினார்கள். புண்ணைச் சுரண்டும்போது பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வலித்தால் தேவலை என்றிருக்கும். கையும் மோசமாகிக்கொண்டே வந்தது. கடைசி வாரத்தில் பாக்கியம்தான் ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். நடக்கிற பிழைப்புப் பிழைத்தவன் இப்படியே கிடந்தால் என்ன ஆவது என்று எனக்கு ஒரே நினைப்பு. வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. என் தப்பால் பையைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கூட்டத்து ஆட்கள் முறை வைத்துத் தூக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரும் கேட்காமலே அவர்களாகச் செய்தது. அதைக் கேட்டு அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

ஆம்புலன்சில் கொழும்புக்குப் போனோம். சோதனைச் சாவடிகள் நிறைந்த காலம். நிறுத்துகிற இடத்திலெல்லாம் பாக்கியம் என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். படம் எடுக்கிற அறைக்கு வெளியே ஒரு சிங்களத் தம்பி, அந்த மெசினைப் பார்க்கிறவர், தெரிந்த தமிழில் விசாரித்தார். உடம்பில் இரும்பு இருக்கிறதா, குண்டுத் துகள் இருக்கிறதா, கண்ணில் தூள் விழுந்திருக்கிறதா என்று. இடுப்புத் தாயத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மணிக்கட்டில் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்பு அழுக்கேறி இன்னும் இருந்தது. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, "நூல்தானே, இருக்கட்டும்" என்றார்.

மெசின் ஒரு நீளமான குழாய். படுக்கவைத்துத் தலையையும் கழுத்தையும் ஒரு கூட்டுக்குள் பூட்டி உள்ளே தள்ளினார்கள். மூக்குக்கும் மேல் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆட வேண்டாம், இருமவும் வேண்டாம், எச்சில் முழுங்கவும் வேண்டாம், முழுங்கினால் கழுத்து அசையும், படம் கலங்கும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தார். முழுங்காதே என்றால்தான் வாயில் எச்சில் ஊறும். மெசின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. தேயிலை உருட்டுகிற மெசினுக்குள் தலையைக் கொடுத்த மாதிரிதான். அது போதாதென்று என் கால் இரண்டும் துள்ள ஆரம்பித்தன. நான் துள்ளவில்லை, அதுகளாகத் துள்ளின. இதுவும் அந்த வியாதியின் குணம்தானாம். கால் உதறும்போதெல்லாம் உடம்பு குலுங்கியது.

சத்தம் நின்றது. அவர் குரல் மட்டும் வந்தது: "ஐயா, ஆட வேணாம். படம் சரியில்ல."

"நான் ஆடல தம்பி. காலு ஆடுது."

அவர் உள்ளே வந்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து, தொடைக்கு மேல் அகலமான பட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் ஒரு போர்வையும் போட்டார். "இப்ப பாப்போம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை கால் அவ்வளவாகத் துள்ளவில்லை. நான் எச்சிலை வாய் ஓரமாக வழியவிட்டுக்கொண்டு கிடந்தேன்.

படத்தைப் பெரிய உறையில் போட்டு ஒட்டி, பதுளை டொக்டர் பெயருக்குக் கொடுத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அது என் நெஞ்சின்மேல் கிடந்தது. பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்களப் பத்துனதுதானே, தொறந்து பாத்தா என்ன?"

"மேல்விலாசம் எம்பேருக்கு இல்ல."

"இந்த மனுசனத் திருத்தவே முடியாது" என்றாள். ஆனால் அவளும் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் சுமந்த தப்பாலிலேயே எனக்குப் பயமாக இருந்தது அது ஒன்றுதான்.

டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, என்னைச் சக்கர நாற்காலியோடு பக்கத்தில் தள்ளிவரச் சொன்னார். "இது உங்கட கழுத்து, பக்கவாட்டா வெட்டிப் பாத்த மாதிரி. இந்தச் சாம்பல் நிறத்தில இறங்குறதுதான் தண்டுவடம். ரெண்டு பக்கமும் வெள்ளையாத் தெரியிறது அதைச் சுத்தி இருக்கிற தண்ணி." விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தார். நடுக்கழுத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் வெள்ளையே இல்லை. எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி வெளியே வந்து, தண்டுவடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி நசுக்கியிருந்தது. மிதித்துக்கொண்டு நிற்கிற ரப்பர் குழாயைப் போல அந்த இடம் தட்டையாகக் கிடந்தது.

"இவ்வளவுதானுங்களா?" என்றேன். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

"இவ்வளவுதான்."

நசுங்கிய இடத்துக்குள்ளே சாம்பல் நிறத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அது தண்ணி இல்லை என்று எனக்கே தெரிந்தது. என்னவென்று கேட்டேன். தண்டுவடமே அடிபட்டிருக்கிற இடம் என்றார். ஒப்பரேசன் செய்து அழுத்தத்தை எடுக்கலாம், எடுத்தால் இதற்கு மேல் மோசமாகாமல் நிற்கும், போனது எவ்வளவு திரும்பும் என்று படம் சொல்லாது என்றார். செய்யாவிட்டால் கையும் காலும் முழுதாகப் போகும், நாளாக ஆகக் கழிப்பறைக்குப் போவதும் நம் வசத்தில் இருக்காது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தோளில் பை சுமந்ததால் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாது என்றார்.

அன்று பின்னேரம் சுப்பையா மச்சான் திருநீறும் எலுமிச்சம் பழமுமாக வந்தார். ஒப்பரேசன் என்றதும் முகம் கறுத்துவிட்டது. கழுத்தின் முன்பக்கம் வெட்டி, அந்தச் சவ்வை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து அங்கே வைப்பார்கள் என்று நான் சொன்னேன்.

"கழுத்துல கத்தியா? மச்சான், அம்மா எறங்குன ஒடம்பு. அதுல கத்தி வைக்க வுட்டா அவ சும்மா இருப்பாளா? தோட்டத்துல என்னா சொல்வாங்க?"

அம்மன் இறங்கவில்லை, எனக்குச் சுரணைதான் இல்லை என்று அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கட்டிப்பிடித்து அழுத மனுசர். பாக்கியம் என் காலடியில் உட்கார்ந்து மருந்துக் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அண்ணே, ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கன்னு நான் கத்துனேன். இவரு போனாரா? கால் வெந்துதான் வந்தாரு. அம்மா சும்மா இல்ல. சுட்டுத்தான் இங்க அனுப்பியிருக்கா. நீங்க போயி தோட்டத்துல அப்படியே சொல்லுங்க."

மச்சான் திருநீற்றை என் கழுத்துப் பட்டைக்கு மேலாகப் பூசிவிட்டு, "எப்ப போகணும், நானும் வாறேன்" என்றார். என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. ஒப்புதல் தாளில் பாக்கியம் என் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து அழுத்தினாள். இருபத்திரண்டு வருசம் ஊராரிடம் கையெழுத்து வாங்கியவன் கைநாட்டு வைத்தேன்.

கொழும்பில் ஒப்பரேசன் நடந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, எலும்பு எடுத்த இடுப்பில்கூட வலி தெரியவில்லை, கால் பழையபடியே மரக்கட்டையாகக் கிடந்தது. முதல் நாள் அப்படி. இரண்டாம் நாள் அப்படி. விரல்கள் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். ஐந்தாம் நாள் டொக்டர்மார் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார்கள். தெரியவில்லை என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

கொழும்பில் கடை வேலை செய்கிற என் மூத்த மகளின் அறையில் பாக்கியம் தங்கியிருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் வந்து, சிங்கள நர்ஸ் மிஸியிடம் பேசின் வாங்கி, என் காலைக் கழுவ உட்கார்ந்தாள். புண் ஆறி, தோல் வெளுப்பும் சிவப்புமாக மூடியிருந்தது. மிஸி அவளிடம் கையால் சாடை காட்டிப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், தண்ணீரில் முதலில் கையை விட்டுப் பார், அவருக்குச் சூடு தெரியாது என்று. பாக்கியம் பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கை வரை விட்டுப் பார்த்து, ஒரு கோப்பை மொண்டு வலது காலில் ஊற்றினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடா இருக்கு. பாத்து ஊத்து" என்றேன்.

அவள் பதறிப்போய்த் தண்ணீரில் கையை விட்டாள். "இல்லீங்க, வெதுவெதுன்னுதான் இருக்கு, நான் பாத்துட்டுத்தானே…" என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கை பேசினுக்குள்ளேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"என்னா சொன்னீங்க?"

கோப்பையைக் காட்டினேன். அவள் அவசரமாக மொண்டதில் பாதி கட்டிலில் சிந்தியது. மீதியைக் குதிகாலில் ஊற்றினாள், சதை தெரிந்த அதே இடத்தில். சுட்டது. வெறும் வெதுவெதுப்புத் தண்ணீர், சுருக்கென்று சுட்டது.

"இன்னும் ஊத்து" என்றேன்.